தலைப்பிரசவமும் நெசவாளர் குடும்பமும்

சங்கத்தின் இருப்புப் பதிவேட்டில் ஒரு கழி நூல் குறைந்தாலும் அதற்குக் காரணம் எழுதப்படல் வேண்டும். வாங்கிய பாவு எத்தனை, ஒப்படைத்த புடவை எத்தனை, கொடுத்த கூலி எவ்வளவு என்பனவெல்லாம் பைசா பிசகாமல் ஏறியிருக்கும். ஆனால், அங்கத்தினர் ஒருவரின் இல்லத்தில் முதற்குழந்தை பிறக்கவிருக்கிறது என்னும் செய்திக்கு எப்பதிவேட்டிலும் இடமில்லை. அவ்வாண்டில் அக்குடும்பத்தின் உற்பத்தி குறைகிறது; செலவு கூடுகிறது; முன்பணத் தவணை தவறுகிறது. இம்மூன்றும் பேரேட்டில் ஏறுகின்றன; காரணம் மட்டும் ஏறுவதில்லை.

அக்காரணத்தைப் பற்றியே இத்திங்கள் எழுதத் துணிந்தோம். தறிக் கணக்கு எடுக்கவும், பயிர்க்கடன் பெற்றவர்களின் நிலத்தைப் பார்வையிடவும் ஊர் ஊராகச் செல்லும் நமக்கு, வீடுகளின் உட்புறத்தைக் காணும் வாய்ப்பு மிகுதி. அங்கே கண்டவற்றையும், கிராம சுகாதாரச் செவிலியர்களும் மருத்துவர்களும் சொல்லக் கேட்டவற்றையும் தொகுத்து, முதன்முறை தாயாகும் நம் சகோதரிகளுக்கும் அவர்தம் கணவன்மார்க்கும், மாமியார், தாயார் முதலிய பெரியோர்க்கும் இங்கு அளிக்கின்றோம்.

கணக்கில் வராத கைகள்

நாட்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு 2019-20இல் நடைபெற்றது. அதன்படி கைத்தறித் தொழிலில் ஈடுபட்டோர் ஏறத்தாழ 35 லட்சம் பேர். அவருள் 25 லட்சத்திற்கு மேற்பட்டோர் பெண்டிர். நெய்பவர் ஆணாக இருக்கும் வீட்டிலும், கண்டு சுற்றுவதும், தார் சுற்றுவதும், பாவுக்குக் கஞ்சி போடும்போது ஒரு முனையைப் பிடிப்பதும், அறுந்த இழையைப் பிணைப்பதும் இல்லத்தரசியின் கைகளே. எனினும் கூலிப் புத்தகத்தில் உள்ளது ஒரு பெயர்தான். உழவர் வீட்டிலும் இந்நிலையே. நாற்று நடுவதும், களை பறிப்பதும், பருத்தி எடுப்பதும் பெண்கள்; பட்டாவிலும் கடன் பத்திரத்திலும் இருப்பது ஆண்களின் பெயர்.

குழித்தறிகள் நிறைந்த ஒரு தெருவில் நாம் கணக்கெடுத்துச் சென்றபோது, ஒரு வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணியான இளம்பெண் இராட்டையின் முன் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்து, உதடு நிறமிழந்து காணப்பட்டது. "ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தார்களா அம்மா?" என்று வினவினோம். அவர் தலை நிமிராதிருக்க, மாமியார் விடை பகர்ந்தார்: "போன மாசமே வரச் சொன்னாங்க தம்பி. கையிலே இருக்கிற புடவையை அறுத்துச் சங்கத்திலே போட்டுட்டுப் போகலாம்னு இருந்தோம். நான் ஆறு பெத்தேன், எல்லாம் இந்தத் தறி மேட்டிலேதான்." ஆறில் எத்தனை நிலைத்தன என்று கேட்க நமக்கு நா எழவில்லை. சற்று நேரம் கழித்து அம்மூதாட்டியாரே தாழ்ந்த குரலில், "நாலு தங்கிச்சு" என்றார்.

தறியில் இருந்த கணவர், "அவ தார் சுத்தலைன்னா நாடா நின்னுபோகும் சார்" என்று மட்டும் சொன்னார். அச்சொல்லில் பொய்யில்லை, அவர் கல்நெஞ்சருமல்லர். ஒருநாள் ஆஸ்பத்திரிக்குச் சென்றால் இருவருக்கும் ஒருநாட் கூலி போகிறது. புடவைக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோருக்கு விடுப்பு என்பது பட்டினியின் மறுபெயர். நிறுவனங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய மகப்பேற்று விடுப்பு 2017ஆம் ஆண்டில் சட்டமாயிற்று. தம் வீட்டுத் தறியில் உழைக்கும் பெண்ணுக்கு அத்தகைய விடுப்பை அளிக்கும் முதலாளி எவரும் இலர். அவருக்கு விடுப்பளிக்க வல்லவை இரண்டே: குடும்பம் ஒன்று, சங்கம் மற்றொன்று. இரண்டும் என்ன செய்தல் கூடும் என்பதை முறையாக ஆராய்வோம்.

முதல் மூன்று மாதங்கள்

மாதவிலக்குத் தள்ளிப்போதல், காலையிற் குமட்டல், உணவில் வெறுப்பு, காரணமற்ற அயர்ச்சி ஆகியவை முதல் அறிகுறிகள். நாட்கள் தள்ளியவுடனே செவிலியரிடம் சென்று சிறுநீர்ச் சோதனை செய்துகொள்ளுதல் நலம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பேறுகாலத் தேதி கிடைக்கும். சனவரி 10ஆம் தேதி கடைசி விலக்கானவர்க்கு அக்டோபர் 17ஆம் தேதி வாக்கில் பிள்ளை பிறக்கும் என்க. இதற்கு இரு வாரம் முன்பின் ஆதல் இயல்பே.

12 வாரம் நிறைவதற்குள் பெயரைப் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். அப்போது தரப்படும் பிக்மி எண்ணும், தாய் சேய் நல அட்டையும் பேறுகாலம் முழுமைக்கும் ஆதாரமானவை. அரசின் உதவித்தொகைக்கும், பின்னர்க் குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் அவ்வெண் வேண்டும். ஆதலால் சங்கப் பாஸ்புத்தகத்தைப் போல் அவ்வட்டையையும் பத்திரப்படுத்துக.

இக்காலத்தில்தான் சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருப்பெறுகின்றன. அவை குறையின்றி அமைய ஃபோலிக் அமில மாத்திரை உதவும். அதனை முதல் 12 வாரமும் நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். கருத்தரிக்க விரும்புவோர் அதற்கு முன்னரே தொடங்குதல் இன்னும் சிறப்பு. தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் கேட்டு மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கத்தை இப்போதே கைவிடுக. எம்மருந்தையும் மருத்துவர் சொற்படியே உண்க. வெற்றிலையோடு புகையிலை சேர்ப்போர் புகையிலையை அறவே ஒழிக்க வேண்டும். பீடி பிடிக்கும் கணவர், வாயிலுக்கு வெளியே போவதோடு நில்லாமல், பீடியையே விடுதல் அழகு.

குமட்டலுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. எழுந்தவுடன் உலர்ந்த பண்டம் ஏதேனும் சிறிது உண்டு, பின்னர் சிறுகச் சிறுகப் பலமுறை உண்டால் தணியும். தண்ணீரும் தங்காதபடி வாந்தி எடுப்பாராயின் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்க. பெரும்பாலோர்க்கு நான்காம் மாதத்தில் இத்தொல்லை நீங்கிவிடும்.

முதற்கர்ப்பத்தில் சிசுவின் அசைவு 18 முதல் 20 வார அளவில் முதன்முதலாகத் தாய்க்குப் புலனாகும். வயிற்றுக்குள் ஏதோ மெல்லத் துள்ளுவது போன்றிருக்கும் அவ்வுணர்ச்சியை நாட்குறிப்பில் எழுதிக்கொள்ளச் செவிலியர்கள் சொல்வதுண்டு. அதே காலத்தில் எடுக்கும் ஸ்கேன் சிசுவின் உறுப்பமைதியைக் காட்டும். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றமாகும். குழந்தையின் நலம் ஒன்றே கேட்கத் தகுந்தது.

இரத்தசோகை

மேலே நாம் குறித்த பெண்ணைச் செவிலியர் மறுவாரம் சோதித்தபோது, இரத்தத்தின் ஹீமோகுளோபின் எட்டு கிராமுக்குக் குறைவாக இருந்தது. கர்ப்பிணிக்கு அது 11 கிராமேனும் இருத்தல் வேண்டும். 7க்குக் கீழ் இறங்கினால் பேரபாயம். அவர் ஒருவருக்கு மட்டுமே வாய்த்த குறை அன்று அது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இரத்தசோகையுடையோர் எனத் தெரிந்தது. பிரசவங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மருத்துவமனைகளில் நிகழும் மாநிலத்தில் இக்குறை நீங்காதிருப்பது சிந்திக்கத் தக்கது.

காரணம் எளிது. கர்ப்ப காலத்தில் தாயின் உடலில் ஓடும் இரத்தம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகப் பெருகுகிறது. சிசுவும் தன் முதல் மாதங்களுக்கு வேண்டும் இரும்புச் சத்தைத் தாயிடமிருந்தே சேமித்துக் கொள்கிறது. முன்னரே சேமிப்பில்லாத வீட்டில் செலவு இரட்டித்தாற்போல் ஆகிவிடுகிறது. இரத்தம் குன்றிய தாய்க்குப் பிரசவத்தில் சிறிது உதிரம் மிகுந்து போனாலும் உயிருக்கு ஆபத்து. குழந்தையும் எடை குறைந்து பிறக்கக் கூடும்.

இதற்கென நான்காம் மாதம் முதல் நாள் ஒன்றுக்கு ஒன்றாக 180 இரும்புச் சத்து மாத்திரைகள் இலவசமாகத் தரப்படுகின்றன. பெற்றுச் சென்று அலமாரியில் வைத்திருக்கும் வீடுகளை நாம் அறிவோம். மலம் கறுக்கிறது, வயிறு புரட்டுகிறது, பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்பன சொல்லப்படும் காரணங்கள். மலம் கறுத்தல் மாத்திரையின் இயல்பு, தீங்கன்று. புரட்டல் இருப்பின் இரவு உணவுக்குப் பின் உண்க. குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் எவ்வித உறவும் இல்லை. காப்பி, தேநீர், பால் ஆகியவற்றோடு உண்டால் இரும்புச் சத்து உடலிற் சேராது. எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றோடு உண்டால் நன்கு சேரும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வேறு வேளையில் உண்ண வேண்டும். இரண்டையும் ஒருசேர விழுங்கினால் ஒன்றை மற்றொன்று தடுக்கும்.

உணவிற் கேழ்வரகு, கம்பு, முருங்கைக்கீரை, பயறு, நிலக்கடலை, இயலுமாயின் முட்டை, பால், மீன் ஆகியவை இடம்பெறுக. இவற்றுட் பல உழவர் வீட்டுத் தோட்டத்திலேயே விளைவன. அங்கன்வாடியில் தரும் சத்துமாவைக் கர்ப்பிணியே உண்ண வேண்டும். வீட்டார் அனைவரும் பகிர்ந்தால் அவர் பங்கு மிகக் குறையும். 'அதிகம் உண்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கடினமாகும்' என்று அளந்து சோறிடும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அது தவறு. முறையாக உண்ணும் தாய் பேறுகாலத்துக்குள் 9 முதல் 11 கிலோ வரை எடை கூடுதல் இயல்பு. சர்க்கரை நோய் உண்டா என்பதை அறிய 75 கிராம் குளுக்கோஸ் அருந்தச் செய்து இரண்டு மணி கழித்துச் சோதிப்பார்கள். முதல் வருகையில் ஒன்றும், 24 முதல் 28 வாரத்திற்குள் மற்றொன்றும் ஆகிய அச்சோதனைகளைத் தவறவிடாதீர்.

அப்பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தக்குழாய் வழியே இரும்புச் சத்து மருந்து ஏற்றினார்கள். நான்கு முறை சென்று வந்தார். அந்நான்கு நாட்களும் தார் சுற்றியவர் அடுத்த வீட்டு அங்கத்தினரின் மனைவி. இதனைப் பின்னர் மீண்டும் எடுத்துரைப்போம்.

தறியும் கழனியும்

கர்ப்பிணி வேலையே செய்யலாகாது என்று மருத்துவர்கள் சொல்வதில்லை. எவ்வேலை, எவ்வளவு நேரம் என்பதே கேள்வி. குழித்தறியில் அமர்ந்து மிதிகட்டையை மிதிப்பது, வயிறு பெருத்த பின்னர் முதுகையும் இடுப்பையும் வருத்தும். குழியில் இறங்குவதும் ஏறுவதும் வழுக்கி விழ இடமளிக்கும். ஆறாம் மாதத்திற்குப் பின் தறியினின்றும் விலகுதல் நன்று. தார் சுற்றுவோர் தரையில் மடங்கி அமராது, முதுகுக்குச் சாய்வு வைத்து அமர்க. மணிக்கு ஒருமுறை எழுந்து சில அடி நடந்து, நீர் அருந்துக. கால் வீங்கின் ஓய்வில் உயர்த்தி வைக்க. படுக்கையில் இடப்பக்கம் சாய்ந்து படுத்தல் சிறப்பு.

சாயமேற்றும் வேலையும், சலவைத்தூள் கரைக்கும் வேலையும் கர்ப்பிணிக்கு அறவே கூடா. பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் கதவு சன்னல்களைத் திறந்து வைக்க. உழவர் வீட்டில் பூச்சிமருந்து கலப்பதும், தெளிப்பதும், தெளித்த வயலில் உடனே இறங்குவதும், தெளித்தவரின் உடையைத் துவைப்பதும் கர்ப்பிணியின் வேலையாக இருத்தலாகாது. மருந்து தோல் வழியாகவும் உடலிற் சேரும். தெளித்தவர் தம் உடையைத் தாமே துவைத்துக் குளித்த பின்னரே வீட்டினுட் புகுக. நடவில் நாள்முழுதும் குனிந்திருத்தல், தலையிற் சுமை, கோடை வெயிலில் நீரின்றி உழைத்தல் ஆகியவையும் விலக்கத் தக்கனவே.

தாமதியாது செல்ல வேண்டிய அறிகுறிகள்

மாதந்தோறும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது 140/90க்கு உயர்ந்தும் உடலில் ஒன்றும் தோன்றாதிருக்கலாம்; முதற்கர்ப்பத்தில் இந்நோய்க்கு இடம் மிகுதி. கீழ்க்காணும் குறிகளுள் ஒன்று தோன்றினும் நேரம் பாராது ஆஸ்பத்திரிக்குச் செல்க.

விடாத தலைவலி, பார்வை மங்குதல், முகமும் கையும் வீங்குதல், மேல்வயிற்று வலி;

வலிப்பு;

எம்மாதத்திலும் சிறிதளவேனும் உதிரப்போக்கு;

பனிநீர் உடைந்து கசிதல்;

கடுங்காய்ச்சல், மூச்சுத் திணறல்;

சிசுவின் அசைவு குறைதல் அல்லது நிற்றல்.

'விடியட்டும், வெள்ளிக்கிழமை கழியட்டும்' என்று காத்தல் வேண்டா. 108 ஊர்தி 2008ஆம் ஆண்டு முதல் நம் மாநிலத்தில் இயங்கி வருகிறது, அழைப்புக்குக் கட்டணமில்லை.

தாய்வீடு செல்லுதல்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வளையலடுக்கி, கலவைச் சோறு படைத்து, பெண்ணை அழைத்துச் செல்வர். மாமியார் வீட்டு உழைப்பினின்றும் பெண்ணை விலக்கி ஓய்வளிக்கும் நல்ல ஏற்பாடு இது. ஆயின் அதில் ஓர் இடர் மறைந்துள்ளது. ஏழு மாதமாகப் பார்த்த செவிலியர் ஓரூரில். பிரசவம் பார்ப்பவர் வேறோர் ஊரில். அட்டையை மறந்து சென்றால், இரத்தப் பிரிவு முதல் இரத்த அழுத்தம் வரை ஒன்றும் புதியவர்க்குத் தெரியாது. ஆகவே வளைகாப்புத் தட்டில் முதலில் வைக்க வேண்டியது தாய் சேய் நல அட்டை. புறப்படுமுன் இவ்வூர்ச் செவிலியரிடம் சொல்லி, அவ்வூர்ச் செவிலியருக்குத் தெரிவிக்கச் செய்க. அங்குச் சென்ற வாரத்திலேயே அவ்வூர் நிலையத்துக்குச் சென்று காட்டிக்கொள்க.

எம்மருத்துவமனை, எவ்வளவு தூரம், இரவில் வண்டி உண்டா, உடன் செல்பவர் யார், இரத்தம் தேவைப்படின் கொடுப்பவர் யார் என்னும் ஐந்து வினாக்களுக்கும் எட்டாம் மாதத்திலேயே விடை எழுதி வைக்க. முதற்பிரசவ வலி பெரும்பாலும் நீண்டது. பன்னிரண்டு மணிக்கு மேலும் நீடிக்கலாம். வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வரத் தொடங்கியதும் புறப்படுக. ஊர் தொலைவாயின் அதற்கும் முன்னரே. பனிநீர் உடைந்தால் வலிக்குக் காத்திராதீர்.

அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவைச் சிகிச்சை, மருந்து, சோதனை, உணவு, இரத்தம் யாவும் இலவசம் என 2011ஆம் ஆண்டில் மத்திய அரசு திட்டம் வகுத்தது. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் மகப்பேற்று உதவித் திட்டம் நடைபெறுகிறது. சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் 1927ஆம் ஆண்டிலேயே உறுப்பினராகிப் பெண்களுக்காக வாதாடிய மருத்துவர் அவர். 2018ஆம் ஆண்டு முதல் இத்திட்டத்தின் மதிப்பு ரூ. 18,000, இதில் ரூ. 14,000 பணமாகத் தவணை தவணையாகவும், ரூ. 4,000 பெறுமான ஊட்டச்சத்துப் பெட்டகங்கள் இரண்டாகவும் தரப்படுமென வகுத்தனர். பணம் பெண்ணின் வங்கிக் கணக்கிற்கே செல்லும். ஆதலால் அவர் பெயரில் கணக்கும், அட்டையிலும் ஆதாரிலும் ஒரே வகையாக எழுதப்பட்ட பெயரும் இருத்தல் அவசியம். எழுத்துப் பிழையால் தவணை நின்ற குடும்பங்கள் பல.

குழந்தைக்கு வேண்டுவன

பிறக்குமுன் பொருள் வாங்கி அடுக்கலாகாது என்று பெரியோர் கூறுவர். அவர் மனம் நோகாதபடியே ஆயத்தம் செய்யலாம். ஏனெனில் குழந்தைக்கு வேண்டுவது புதியதன்று, பழையதே. பல சலவை கண்டு மென்மையுற்ற பருத்திப் புடவையைப் போன்ற துணி கடையிற் கிடைப்பதரிது. அதனைக் கிழித்துக் கொதிநீரிலிட்டு வெயிலில் உலர்த்தினால், சுற்றுவதற்கும் இடுப்புத் துணிக்கும் தூளிக்கும் ஆகும். தறியிலிருந்து அறுத்த புதுத் துணியில் கஞ்சியும் சாயமும் இருக்கும். நன்கு துவைக்காமல் பச்சிளங்குழந்தையின் மேனியில் இடவேண்டா. சரிகை உறுத்தும், அதனை நீக்குக.

ஒரு பையில் இவற்றை எடுத்து வைக்க: அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம், தாய்க்கு முன்புறம் திறக்கும் உடை, சுத்தமான துணிகள், குழந்தைக்குத் தொப்பி, காலுறை, போர்வை, சிறிது பணம், தொலைபேசிக்கு மின்னேற்றி.

குழந்தை பிறந்ததும் துடைத்து, தாயின் மார்போடு வெற்றுடம்பாக அணைத்து, மேலே போர்த்த வேண்டும். ஒரு மணி நேரத்திற்குள் பாலூட்டுக. முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் அழுக்கன்று. குழந்தைக்கு நோயெதிர்ப்பைத் தரும் முதல் மருந்து. அதனைப் பீச்சி எறிந்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரும், தேனும், கழுதைப்பாலும் புகட்டும் வழக்கத்தை ஒழிப்போமாக. ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர நீரும் வேண்டா. முதல் நாளே குளிப்பாட்டலாகாது. தொப்புளில் சாம்பலோ, மஞ்சளோ, எண்ணெயோ இடலாகாது. உலர விட்டாலே போதும். பிறந்தவுடன் காசநோய், இளம்பிள்ளைவாதம், மஞ்சட்காமாலை ஆகியவற்றுக்குத் தடுப்பு மருந்தும், பின்னர் 6, 10, 14 வாரங்களில் அடுத்த தடுப்பூசிகளும் உண்டு. பிறந்த எடை இரண்டரை கிலோவுக்குக் குறைந்திருப்பின், தாயின் மார்பில் நாள்முழுதும் ஒட்டியே வைத்திருக்கச் செவிலியர் கற்பிப்பர். தந்தையும் தம் மார்பில் அவ்வாறு வைத்துக்கொள்ளலாம்.

தாய்க்குப் பத்தியம் என்னும் பெயரால் நீரையும் காயையும் குறைப்பது தவறு. பாலூட்டுபவர் முன்னிலும் மிகுதியாக உண்ண வேண்டியவர். பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் இரும்புச் சத்து மாத்திரை உண்டு. தலைப்பிள்ளை பெற்ற தாய் காரணமின்றி அழுவதும் அஞ்சுவதும் முதற்சில நாட்களில் இயல்பு. இரண்டு வாரம் கடந்தும் அத்துயர் நீங்காதாயின், 'கொழுப்பு' என்று ஏசாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்க. அதுவும் ஒரு நோயே, மருந்தால் தீரும்.

சங்கம் செய்யத் தக்கது

முதலாவதாக, தறியில் உழைக்கும் பெண்களைத் தனித்து அங்கத்தினராகச் சேர்த்துக்கொள்ளுதல். கூலிப் புத்தகத்தில் பெயர் ஏறினால்தான், கைத்தறி மற்றும் கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து மகப்பேற்று உதவி கோர அவருக்கு வழி பிறக்கும். கர்ப்பம் தெரிந்த பின் ஓடுவதைக் காட்டிலும், திருமணமாகி வந்த ஆண்டிலேயே சேர்த்தல் விவேகம்.

இரண்டாவதாக, பாவு வழங்குவதில் கருத்து. பேறுகாலத்தை முன்கூட்டி அறிவித்த குடும்பத்திற்கு, கடைசி இரு மாதங்களில் எளிய கரையுள்ள இரகமும் நீண்ட தவணையும் தரலாம். முன்பணப் பிடித்தத்தைச் சில மாதம் ஒத்தி வைக்க நிர்வாகக் குழு தீர்மானம் இயற்றலாம். சங்கத்திற்கு இதனால் நட்டமில்லை. தவணை தவறிப் பாக்கியாவதைவிட, அறிந்து ஒத்திவைப்பது கணக்குக்கு அழகு.

மூன்றாவதாக, மாற்றுக்கை. இரும்பு மருந்தேற்றச் சென்ற நான்கு நாட்களிலும் அடுத்த வீட்டுப் பெண் தார் சுற்றியதை முன்னர்க் குறித்தோம். அதற்கு அவர் கூலி கேட்கவில்லை. தம் முறை வரும்போது இவர் சுற்றுவார் என்பதே ஒப்பந்தம். அறுவடையில் உழவர் மாற்றாள் வைத்துக்கொள்வதும் இம்முறையே. ஒரு தெருவில் பத்துத் தறிக்கு ஒரு குழு அமைத்து, கர்ப்பிணி சோதனைக்குச் செல்லும் நாளில் அவர் வேலையை யார் பார்ப்பது என்று முறை வகுத்தால், எந்த நாடாவும் நிற்காது. எந்தச் சோதனையும் தவறாது. கூட்டுறவு என்னும் சொல்லுக்கு நாம் படித்த நூல்களில் எத்தனையோ விளக்கங்கள் உண்டு. அவற்றுள் எதற்கும் இது குறைந்ததன்று.

அப்பெண்ணுக்கு நிறைமாதத்தில் குழந்தை பிறந்தது. எடை 2 கிலோ 700 கிராம். தாயும் சேயும் நலம். அவ்வாண்டு அவ்வீட்டின் உற்பத்தி சிறிது குறைந்திருந்ததை நாம் பதிவேட்டிற் கண்டோம். காரணத்தையும் குறிப்புப் பகுதியில் எழுதச் செய்தோம்.

அடுத்த பொதுப்பேரவைக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இப்பொருளை நிகழ்ச்சி நிரலிற் சேர்க்குமாறு வேண்டுகின்றோம். அங்கத்தினர் தத்தம் இல்லத்தில் பேறுகாலம் எதிர்பார்ப்போர் பெயரைச் செயலாளரிடம் தெரிவிப்பாராக. அதனை மறைத்துத் தறிக்குப் பின்னே ஒளிக்க வேண்டுவதில்லை. பங்குத் தொகையைப் போல் அதுவும் சங்கத்தார் அனைவரும் அறிந்து காக்க வேண்டிய பொருளேயாகும்.